கினிப்பன்றி கடிக்கிறதா? கடிக்கு முந்தைய பத்து விநாடியைப் பாருங்கள்

கினிப்பன்றி வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கும் வருகிற புகார் இது: "சாதுவான பிராணின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. இது என்னடான்னா கையை வெச்சாலே கடிக்குது." சாதுதான், சந்தேகமில்லை. ஆனால் வாயில் இருபது பற்கள் இருக்கின்றன. அவற்றில் முன்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு உளி மாதிரியான வெட்டுப்பற்கள். ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் என்பதால் எப்போதும் கூராகவே இருக்கும்.

ஆண்டீஸ் மலைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் வளர்த்துவரும் விலங்கு இது. இத்தனை காலம் வீட்டில் வாழ்ந்தும் இரையாகிற விலங்கின் புத்தி போகவில்லை. ஆபத்து வந்தால் முதலில் அசையாமல் உறையும். பிறகு ஓடும். ஓட வழியில்லை என்றால்தான் பல்லைக் காட்டும். அதனால் கடி வாங்கியதும் "ஏன் இப்படிக் கெட்ட குணம்?" என்று கேட்பதில் பயனில்லை. கடிக்கு முன்னால் பத்து விநாடியில் உங்கள் கை எங்கே இருந்தது, கினிப்பன்றி எப்படி நின்றது, என்ன சத்தம் கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

முதலில், அது கடிதானா?

கினிப்பன்றிக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில், மேலே, ஓரளவு பின்னால் வருவதைக்கூடக் கண்டுகொள்ளும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. அங்கே இருப்பதை மீசையாலும் உதட்டாலும்தான் தெரிந்துகொள்ளும். அதிலும் புரியாவிட்டால் லேசாகப் பல்லை வைத்துப் பார்க்கும். வெள்ளரிக்காய் நறுக்கிய விரலை அப்படியே நீட்டினால் அதன் கணக்கில் அதுவும் வெள்ளரிக்காய்தான். தோல் கிழியாது, சுருக்கென்று இருக்கும், அவ்வளவே. இதற்கு மருந்து சோப்பு: தொடுவதற்கு முன்னால் வாசனை குறைந்த சோப்பால் கை கழுவுங்கள். சென்ட், சானிடைசர், பக்கத்து வீட்டு நாய் என்று எந்த வாசனையும் கையில் இருக்கக் கூடாது.

கூண்டுக் கம்பி வழியாக விரலையும் கேரட்டையும் மாறி மாறி நுழைக்கிற வீடுகளில் இன்னொரு வகைக் கடி உண்டு. கம்பிக்குள் வருவதெல்லாம் தீனி என்று அது பழகிவிடுகிறது. இது முழுக்க நாம் சொல்லிக்கொடுத்தது. கம்பி வழியாக ஊட்டுவதை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தால் சில நாளில் சரியாகும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள்.

மடியில் வைத்திருக்கும்போது சட்டையை இழுப்பது, நெளிவது, பின்னால் நகர்வது, கடைசியாக ஒரு சின்னக் கடி: இந்த வரிசையில் வந்தால் அதற்குச் சிறுநீர் வருகிறது என்று அர்த்தம். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கூண்டில் இறக்கிவிட்டால் கடியும் மிச்சம், உங்கள் உடையும் மிச்சம்.

ரத்தம் வருகிற அளவுக்கு அழுத்தி, விடாமல் கடித்தால் அதுதான் உண்மையான கடி. அதற்குப் பின்னால் அநேகமாக பயம், வலி, இல்லாவிட்டால் சக கினிப்பன்றியோடு சண்டை இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எச்சரிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தடவும்போது தலையை வெடுக்கென்று மேலே தூக்கி உங்கள் கையைத் தட்டிவிட்டால், "போதும்" என்கிறது. கையை எடுத்துவிடுங்கள். பலர் இதை விளையாட்டு என்று நினைத்து மறுபடி தடவுவார்கள். மூன்றாவது முறை பல் படும். முதுகின் பின்பாதியில், குறிப்பாக இடுப்புக்குப் பின்னால் கை வைப்பது பெரும்பாலானவற்றுக்குப் பிடிக்காது. அங்கே தொட்டதும் 'டுர்ர்' என்று சுருக்கமாக, உடம்பு விறைத்து ஓர் அதிர்வு வந்தால் அது எரிச்சல். இதையே தாழ்ந்த சுருதியில் நீளமாக, உடம்பைத் தளர்த்திக்கொண்டு செய்தால் சுகமாக இருக்கிறது என்று பொருள். புதிதாகக் கேட்பவருக்கு இரண்டு சத்தமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பற்களை 'டக டக டக' என்று வேகமாகத் தட்டுகிற சத்தம் கேட்டால் கை வைக்காதீர்கள். அது கோபம். கழுத்திலும் முதுகிலும் மயிர் சிலிர்த்திருந்தாலோ, வாயை அகலத் திறந்து கொட்டாவி மாதிரி பல்லைக் காட்டினாலோ அடுத்து பாய்ச்சல்தான். சத்தமே இல்லாமல் கண் விரிந்து உறைந்து நிற்பதையும் கவனியுங்கள். "பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு" என்று சொல்லித் தூக்குவார்கள். அது அமைதியில்லை, பயத்தின் உச்சம்.

புதிதாக வந்ததைக் கைக்குப் பழக்குவது

முதல் சில நாள் தொடவே தொடாதீர்கள். புல், தண்ணீர், நுழைந்து ஒளிய ஒரு பெட்டி, இவ்வளவு போதும். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், போன் பேசுங்கள். குரலும் வாசனையும் பழகட்டும். தீபாவளி வாரத்தில் வாங்கி வருவதைத் தவிருங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டுபோனதை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.

அது உங்கள் முன்னால் பயமில்லாமல் சாப்பிடத் தொடங்கியதும் மல்லித்தழையை எடுங்கள். நீளமான தண்டாக இருக்கட்டும். ஒரு நுனியை நீங்கள் பிடித்துக்கொண்டு மறு நுனியை அதற்குக் கொடுங்கள். முதலில் இழுத்துக்கொண்டு ஓடும். ஓடட்டும், துரத்தாதீர்கள். நாள் போகப் போகத் தண்டின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் உங்கள் உள்ளங்கையில் முன்னங்காலை வைத்து நின்று தின்னும். அப்போதும் அவசரப்பட்டுத் தூக்கக் கூடாது. தின்றுகொண்டிருக்கும்போது தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் ஒரு விரலால் தடவுங்கள். மென்றுகொண்டே இருந்தால் தொடரலாம். மெல்லுவது நின்றால் விரலை எடுத்துவிடுங்கள். மெல்லுகிறதா இல்லையா என்பதைவிட நம்பகமான அளவுகோல் வேறு கிடையாது.

தூக்குவதில்தான் பெரும்பாலான கடிகள் நடக்கின்றன. மேலிருந்து கை இறங்கினால் அதற்கு அது பருந்து. கூண்டு முழுக்கத் துரத்தி மூலையில் மடக்கிப் பிடித்தால், ஓட வழியில்லாத விலங்கு என்ன செய்யுமோ அதையே செய்யும். சுலபமான வழி ஒன்று உண்டு: இருபக்கமும் திறந்த அட்டைப் பெட்டியை உள்ளே வையுங்கள். அது தானாக நுழையும்போது இரண்டு வாயிலையும் கையால் மூடி, பெட்டியோடு தூக்கி மடிக்குக் கொண்டுவாருங்கள். கையால் தூக்கியே ஆக வேண்டுமென்றால் பக்கவாட்டிலிருந்து ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில் கொடுங்கள், இன்னொரு கையால் பின்பகுதியை முழுதாகத் தாங்குங்கள், உடனே உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்கால்கள் அந்தரத்தில் தொங்கினால் திமிறும்.

இறக்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். தரை தெரிந்ததும் பல கினிப்பன்றிகள் கையிலிருந்து குதித்துவிடும். அதில் கால் ஒடியும், முன்பல் உடையும். பின்பக்கம் முதலில் இறங்கும்படி திருப்பி, நான்கு காலும் தரையில் பட்டு அசையாமல் நின்ற பிறகே கையை எடுங்கள். சிறுவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். நின்றுகொண்டு தூக்கிச் சுற்றுவதை எந்த வயதுப் பிள்ளைக்கும் நான் அனுமதிக்க மாட்டேன்.

கடித்தே விட்டால்

கையை உதறாதீர்கள். இதுதான் கஷ்டமானது, இதுதான் முக்கியமானது. ஒரு கிலோ அளவே இருக்கிற பிராணி சுவரில் போய் விழுந்தால் பிழைப்பது சந்தேகம். கத்துவது, மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது எதுவும் வேண்டாம். கை என்றாலே வலி என்று அது புரிந்துகொள்ளும், அடுத்த கடி இன்னும் பலமாக இருக்கும்.

"கடித்ததும் கூண்டில் விடாதே, விட்டால் கடித்தால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்" என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. பழகிய கினிப்பன்றி, சலிப்பில் கவ்வுகிறது என்றால் அதில் நியாயம் இருக்கிறது. சில விநாடி பொறுத்து, அது அசையாமல் இருக்கும் நேரத்தில் இறக்கலாம். மிரண்டு போய்க் கடித்த புதுப் பிராணியிடம் இந்தப் பாடத்தை நடத்துவது வீண். உடனே இறக்கிவிடுங்கள். பாடம் உங்களுக்குத்தான்: அடுத்த முறை நெளிய ஆரம்பித்ததுமே இறக்குங்கள்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். ஆழமான காயம், வீக்கம், சிவப்பு, காய்ச்சல் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். என்ன பிராணி, வீட்டுக்குள்ளேயே வளர்வதா, தெருநாய், பூனை எதுவும் அதைக் கடித்திருக்கிறதா என்று சொல்லுங்கள். ரேபிஸ் ஊசி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கூண்டிலேயே வளரும் கினிப்பன்றியிடமிருந்து ரேபிஸ் வருவது மிக மிக அரிது.

நேற்று வரை சாது, இன்று கடி: வலியைத் தேடுங்கள்

மாதக்கணக்கில் மடியில் தூங்கிய கினிப்பன்றி திடீரென்று தூக்கியதும் கத்திக் கடித்தால் குணம் மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். எங்கோ வலிக்கிறது. இரையாகும் விலங்குகள் நோயை மறைக்கும். கடி மட்டுமே வெளியே தெரிகிற அறிகுறியாக இருக்கலாம்.

முதல் சந்தேகம் வைட்டமின் சி. நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் அதை உடம்பில் தயாரிக்க முடியாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. குறைந்தால் மூட்டு வீங்கி வலிக்கும், மயிர் பரட்டையாகும், ஈறில் ரத்தம் கசியும். அந்த நிலையில் நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்? காய்ந்த புல்லும் கடலையும் மட்டும் கொடுத்து வளர்க்கிற வீடுகளில் இது சாதாரணம். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் மல்லித்தழை, அவ்வப்போது கொய்யாத் துண்டு போதும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்பாதீர்கள். தண்ணீரில் வைட்டமின் சி சீக்கிரம் சிதைந்துவிடும்.

முதுகைத் தொட்டதும் துள்ளிச் சொறிந்தால், மயிர் உதிர்ந்து பொடுகாக இருந்தால் சொறிப் பூச்சியாக இருக்கலாம். அரிப்பு முற்றினால் வலிப்பே வரும். சிறுநீர் கழிக்கும்போது கீச்சிட்டால், ரத்தம் தெரிந்தால் சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் வளர்ந்தவற்றுக்கு அதைத் தினத் தீவனமாகக் கொடுப்பதில்லை. வாயில் எச்சில் ஒழுகினால், தின்ன ஆசைப்பட்டும் தின்ன முடியாமல் விட்டால் கடைவாய்ப் பல்லைக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வயதான பெண் திடீரென்று ஆண் மாதிரி மற்றவற்றின் மேல் ஏறி, உறுமி, விரட்டினால், இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி மயிர் கொட்டினால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய பெண் ஏற்கெனவே சினையாக இருப்பதும் நடக்கிறது. சினைக்காலம் 59 முதல் 72 நாள்; அந்தக் காலத்தில் தொட்டாலே எரிந்து விழும்.

வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். பன்னிரண்டு மணி நேரமாக எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

வெயிலையும் மறக்காதீர்கள். 27 டிகிரியைத் தாண்டினாலே கினிப்பன்றிக்குச் சிரமம் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் வைத்துவிட்டு அது எரிச்சலாக இருக்கிறது என்று சொன்னால் நான் கினிப்பன்றி பக்கம்தான். கூண்டை வீட்டிலேயே குளுமையான இடத்துக்கு மாற்றி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.

ஒன்றோடொன்று சண்டையிட்டால்

தனியாக வளர்ப்பது தீர்வாகாது. கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் துணையோடு வளர்ப்பதையே கட்டாயமாக்கின. யாரோடு, எவ்வளவு இடத்தில் என்பதில்தான் சிக்கல்.

பாலினத்தை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் "ரெண்டும் பெண்தான் சார்" என்று சொன்னதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பெண்ணுக்கு அடிவயிற்றின் கீழே 'ஒய்' எழுத்து வடிவக் கோடு தெரியும். ஆணுக்கு வட்டமாக மேடு தட்டியிருக்கும். அதற்குச் சற்று மேலே மெல்ல அழுத்தினால் குறி வெளியே வரும். குட்டி ஆண்களை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

இரண்டு பெண்கள், அல்லது கருத்தடை செய்த ஓர் ஆணும் பெண்களும், அதிகம் சண்டை வராத சேர்க்கைகள். அறுவைக்குப் பிறகும் ஆணை ஆறு வாரம் தனியாக வையுங்கள். அதுவரை சினைப்படுத்தும் திறன் மிச்சமிருக்கலாம். இரண்டு ஆண்களும் நன்றாகவே சேர்ந்து வாழும், பெண்ணின் வாசனை பக்கத்தில் இல்லாதவரை. மூன்று ஆண்களைச் சேர்க்காதீர்கள். நான்கு மாதம் முதல் ஒரு வயது தாண்டும் வரை ஆண்களுக்கு விடலைப் பருவம். அண்ணன் தம்பிகூட அப்போது முறைத்துக்கொள்ளும். சண்டையை நிறுத்தலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் கருத்தடை செய்ய வேண்டாம், அதில் பெரிய மாற்றம் வருவதில்லை.

கடைகளில் விற்கும் இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கூண்டு மூன்று சதுர அடிதான். அதில் இரண்டு ஆண்களை அடைத்தால் சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம். நான்கடிக்கு இரண்டரை அடி, அதாவது பத்துச் சதுர அடி கொடுங்கள். கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். புல் இரண்டு இடத்தில், தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒளியும் பெட்டிகள் கினிப்பன்றிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் இருந்தால் பலமானது வாசலில் உட்கார்ந்துகொள்ளும், உள்ளே மாட்டியது கடித்துக்கொண்டுதான் வெளியே வர முடியும்.

புதியதைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்து நோய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஹாலில் ஒரு பெரிய விரிப்பில், நடுவே நிறையப் புல்லையும் கீரையையும் பரப்பி விடுங்கள். ஒன்று இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி, 'டுர்ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு, மெதுவாக மற்றதைச் சுற்றி வரும். மற்றது மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கும், இதுவும் தூக்கும். எது இறக்குகிறதோ அது தோற்றது. பின்பக்கம் மோப்பம் பிடிக்கும், மேலே ஏறும், துரத்தும், வாயில் கொஞ்சம் மயிர்கூட வரும். இவ்வளவும் "யார் பெரியவர்" என்ற பேச்சுவார்த்தை. பதறிப் பிரித்துவிட்டால் பேச்சு முடியாது, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். சில மணி நேரமாவது பொறுமையாக உட்காருங்கள்.

பல் தட்டும் சத்தம், சிலிர்த்த மயிர், பெரிய கொட்டாவி மூன்றும் சேர்ந்து வந்தால் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முகத்துக்கு முகம் எகிறினால், பந்துபோலக் கட்டிப் புரண்டால், ரத்தம் தெரிந்தால் பிரித்தே ஆக வேண்டும். வெறும் கையை நடுவில் விடவே கூடாது. அந்த நேரத்தில் உங்கள் விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது, பல் எலும்பு வரை இறங்கும். கனமான துண்டை மேலே போடுங்கள், அல்லது ஒரு முறத்தை நடுவில் செருகுங்கள். இரண்டையும் சேர்த்துக் குளிப்பாட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். நடுங்கிப்போய் ஒதுங்கி நிற்பதை நட்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பிரித்த பிறகு மயிரை விலக்கி உதடு, காது, இடுப்பு எல்லாம் தேடுங்கள். பல் இறங்கிய துளை சின்னதாக இருக்கும், மேலே மூடிக்கொள்ளும், சில நாளில் உள்ளே சீழ்க்கட்டியாகும். உப்புநீரால் கழுவுங்கள். மஞ்சள் அப்பினால் சீழ் பிடித்தது தெரியாமல் போய்விடும். மிக முக்கியமாக, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின், பென்சிலின் வகை மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து அவை உயிரையே எடுத்துவிடும். நாய் பூனை மட்டுமே பார்க்கிற மருத்துவரிடம் போனால் இதை நீங்களே ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

ரத்தக்களரியான ஜோடியை மறுபடி மறுபடி சேர்த்துப் பார்க்காதீர்கள். கூண்டின் நடுவே கம்பி வலை வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் விடுங்கள். பார்க்கும், மோப்பம் பிடிக்கும், பேசிக்கொள்ளும், அதுவே போதும் என்று நிம்மதியாக வாழ்கிற ஜோடிகள் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது எடைக் குறிப்பையும், சண்டையை அல்லது கடியைப் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். மேசை மேல் வைத்ததும் அது உறைந்துபோய் எதையும் காட்டாது. ஒத்துப்போகும் ஜோடியாக இருந்தால் நலமாக இருப்பதையும் அதே பெட்டியில் கூட்டிப்போங்கள். ஒன்று மட்டும் போய் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பினால், வீட்டில் இருந்தது அதை யாரோ புது ஆள் என்று நினைத்து விரட்டத் தொடங்கும்.